மாறிவரும் காலநிலைக்கு ஏற்பக் கட்டுவது: எந்த அளவை நம்புவது?

காலநிலை எவ்வளவு மாறும் என்பது உறுதியாகத் தெரியாத நிலையில், ஐம்பது நூறு ஆண்டுகள் நிற்க வேண்டிய பாலத்தையும் வடிகாலையும் மருத்துவமனையையும் எந்த அளவை நம்பி வடிவமைப்பது, ஏற்கெனவே கட்டி முடித்துப் பயன்பாட்டில் இருப்பவற்றை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் பதில், ஒரே ஓர் எண்ணைத் தேடிக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான். பின்னால் மாற்ற முடியாத பகுதிகளுக்கு இன்றே தாராளமாக இடம் விட வேண்டும். மாற்ற முடிந்தவற்றைத் தேவை தெரியத் தெரிய உயர்த்திக்கொள்ளும் வகையில் அமைக்க வேண்டும். எந்த அளவைத் தேர்ந்தாலும் என்றாவது ஒருநாள் மழையோ வெயிலோ கடலோ அதைத் தாண்டும் என்று கொண்டு, அன்றைக்கு மனிதர்கள் உயிர் தப்பும் வழியையும் வரைபடத்திலேயே வைத்திருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரியது; அதற்குப் பின்னர் வருகிறேன்.

வடிவமைப்பு விதிகள் பெரும்பாலும் பழைய வானிலைப் பதிவேடுகளிலிருந்து பிறந்தவை. பல பத்தாண்டுகளின் மழையளவு, காற்றின் வேகம், ஆற்றின் உச்ச நீர்மட்டம், கோடையின் உச்ச வெப்பம் ஆகியவற்றைத் தொகுத்து, அவை எந்த அளவை எவ்வளவு அடிக்கடி தொட்டன என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கு வருங்காலத்துக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில்தான் நூறாண்டு வெள்ளம் என்றும் ஐம்பதாண்டுக் காற்று என்றும் அளவுகள் குறிக்கப்படுகின்றன. நூறாண்டு வெள்ளம் என்பது எந்த ஓராண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். ஐம்பது ஆண்டு ஆயுள் கொண்ட ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் அதை ஒருமுறையாவது சந்திப்பதற்கான வாய்ப்பு, காலநிலை சிறிதும் மாறாவிட்டாலும், சுமார் 40 சதவீதம். அதே நீர்மட்டம் ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டால் வாய்ப்பு சுமார் 64 சதவீதமாகிவிடும். கட்டடத்தில் ஒரு செங்கல்லும் நகரவில்லை. விதிப்படியே கட்டப்பட்டது என்ற சான்றிதழும் செல்லுபடியாகிறது. ஆனால் வெள்ளத்தைக் காணாமல் தப்புவதைவிடச் சந்திப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற நிலைக்கு அது வந்துவிட்டது.

இந்த நகர்வு எல்லா ஆபத்துகளிலும் ஒரே வேகத்தில் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கடுமழை மேலும் கடுமையாவதற்கு அதுவே அடிப்படைக் காரணம். ஐ.நா. சார்ந்த காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை உயர்ந்திருந்தது. அந்த அளவு உயர்வுக்கே, முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை பெய்த கனமழை சுமார் 1.3 மடங்கு அடிக்கடி பெய்கிறது. முன்பு ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வந்த கொடும் வெப்பமோ சுமார் 4.8 மடங்கு அடிக்கடி வருகிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம் கட்டமைப்புகளை மாற்றிக்கொள்வது, என்றதும் வெள்ளத் தடுப்புச் சுவரை மட்டுமே நினைக்கும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். அதனால் வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன்.

2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை ஒரு வெப்ப அலை தாக்கியது. லிட்டன் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.6 பாகையைத் தொட்டது. மாகாணத்தின் மரண விசாரணை அலுவலகம் பின்னர் வெளியிட்ட அறிக்கை, வெப்பத்தால் இறந்தோர் 619 பேர் என்றும் அவர்களுள் 98 சதவீதத்தினருக்கு வெப்பப் பாதிப்பு கட்டடங்களுக்கு உள்ளேயே நேர்ந்தது என்றும் கூறியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் தனியாக வாழ்ந்தவர்கள். குளிர்காலத்தில் சூட்டை வெளியே விடாமல் காக்கும்படி கட்டப்பட்ட வீடுகள், கோடையிலும் அதே வேலையைச் செய்தன. குளிர்நாடுகளின் கட்டட விதிகள் ஓர் அறை குறைந்தது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை நெடுங்காலமாக வரையறுத்து வந்திருக்கின்றன. அதிகபட்சம் எவ்வளவு சூடாகலாம் என்பதைப் பற்றி அநேகமாக எந்த விதியும் பேசவில்லை. அந்த மாகாணம் 2024ஆம் ஆண்டு விதிகளில், புதிய வீடு ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வாழும் அறையாவது 26 பாகையைத் தாண்டாதபடி வடிவமைக்கப்பட வேண்டும் என்று சேர்த்தது. வீடு முழுவதையும் குளிர்விக்கச் சொல்லாமல் உயிர்காக்கும் ஓர் அறையை மட்டும் கட்டாயமாக்கியிருப்பதால், எளியோர் வீடுகளிலும் நிறைவேற்றக்கூடிய விதி இது என்று நான் கருதுகிறேன்.

ஒரு கட்டடத்துக்குள் வெப்பம் நுழையும் வழிகள் சிலவே: கண்ணாடி வழியே வரும் வெயில், கூரை, சுவர், வெளிக்காற்று, உள்ளே இயங்கும் கருவிகளும் மனிதர்களும். இவற்றுள் கண்ணாடியையும் கூரையையும் முதலில் கவனித்தால் செலவுக்கு மிகுந்த பயன் கிடைக்கும். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் அதன் பெரும்பகுதி அறைக்குள் வெப்பமாகத் தங்கிவிடுகிறது. ஆகவே உட்புறத் திரைச்சீலையைவிடக் கண்ணாடிக்கு வெளியே அமைந்த நிழல் தடுப்போ நீண்ட மேற்கவிகையோ பன்மடங்கு பயன்தரும். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவருக்கு எந்த உயர்தரக் கண்ணாடியும் முழு மருந்தாகாது. அதை வரைபட நிலையிலேயே தவிர்க்க வேண்டும். கூரையைப் பொறுத்தவரை, கறுத்த மேற்பரப்பு தன்மீது விழும் வெயிலில் 5 முதல் 20 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். புதிதாகப் பூசிய வெள்ளைப் பூச்சு 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் இந்தத் திறன் ஓரிரு ஆண்டுகளில் குறைந்துவிடும் என்பதால், பூசுவதோடு கழுவுவதற்கும் திட்டமிட வேண்டும். இதன் பலனை முதன்மையாகப் பெறுவது மேல்தளமே. அடுக்குமாடியின் கீழ்த்தளங்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் நேராது.

தடித்த சுவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் நன்மை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கல்லும் மண்ணும் செங்கல்லும் பகல் வெப்பத்தை உறிஞ்சி வைத்து, இரவில் மெல்ல வெளிவிடும்; இரவு குளிர்ந்தால், சன்னல்களைத் திறந்து அந்த வெப்பத்தை வெளியேற்றிவிடலாம். வறண்ட நிலங்களில் தொன்றுதொட்டு இது நன்றாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. ஆனால் இரவும் குளிராத ஈரப்பதம் மிக்க இடங்களிலும், கான்கிரீட்டும் தார்ச்சாலையும் இரவெல்லாம் சூட்டை உமிழும் நெருக்கமான நகரங்களிலும், தடித்த சுவர் படுக்கும் நேரத்தில் சூட்டைத் திருப்பித் தரும் கிடங்காகிவிடுகிறது. நீர் ஆவியாவதால் குளிர்விக்கும் முறைகளும் அப்படித்தான்: காற்று வறண்டிருந்தால் சிறப்பாக வேலை செய்யும், ஈரமாயிருந்தால் புழுக்கத்தையே கூட்டும். ஆகையால் ஓர் ஊரில் வெற்றி பெற்ற வீட்டின் படத்தை இன்னோர் ஊரில் அப்படியே எடுத்துக் கட்டுவது ஆபத்து. அந்த இடத்தின் இரவு வெப்பநிலையும் ஈரப்பதமும் இன்னும் முப்பது ஆண்டுகளில் எப்படி இருக்கும் என்ற கணிப்பைப் பார்த்த பிறகே சுவரின் தடிமனையும் சன்னலின் அளவையும் முடிவு செய்ய வேண்டும்.

குளிர்சாதனத்தைத் தவிர்க்க முடியுமா என்ற கேள்வி எப்போதும் எழும். எல்லோருக்கும் எப்போதும் தவிர்க்க முடியாது என்பதே நேர்மையான பதில். முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் அது உயிர்காக்கும் கருவி. சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் அப்போது சுமார் 160 கோடி குளிர்சாதனக் கருவிகள் இருந்தன. 2050க்குள் அவை 560 கோடியாகலாம். ஒவ்வொன்றும் அறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. எல்லாம் ஒரே பிற்பகலில் இயங்குவதால் மின்தேவை உச்சத்தைத் தொடுகிறது. அதே வெப்பத்தில் மின்மாற்றிகளும் மின்கம்பிகளும் தாங்கும் சுமை குறைகிறது. அதனால் மின்வெட்டு வருவதற்கு மிகவும் வாய்ப்புள்ள நாள், குளிர்சாதனம் இல்லாமல் இருக்கவே முடியாத நாளாக அமைந்துவிடுகிறது. எந்தப் பெரிய கட்டடத்தையும் வடிவமைப்பவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: கோடையின் உச்ச நாளில் மின்சாரம் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள் எத்தனை மணி நேரம் பாதுகாப்பாக இருக்க முடியும்? சன்னல்களே திறக்காத, மின்மோட்டார் இன்றி மேல்தளங்களுக்குத் தண்ணீர் ஏறாத, மின்தூக்கி நின்றால் நோயாளியை இறக்க வழியில்லாத உயர்ந்த கட்டடத்தில் அதற்கான விடை மிகவும் கலங்க வைக்கும்.

மழைக்கு வருவோம். நகர வடிகால் குழாய்கள் பொதுவாக இரண்டு முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கே அளவிடப்படுகின்றன. அதைவிடக் கடும் மழைக்கெல்லாம் ஏற்றபடி நகர் முழுவதும் தோண்டிக் குழாய்களைப் பெரிதாக்குவது எந்த நாட்டாலும் தாங்க முடியாத செலவு. 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சில மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி நகரை மூழ்கடித்த பிறகு, அந்நகரம் 2012இல் வகுத்த மேகவெடிப்புத் திட்டம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டே தொடங்கியது. சாதாரண மழை குழாய்களுக்கு. பெருமழை தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் என்று இரண்டடுக்காகப் பிரித்துக்கொண்டார்கள். நூறாண்டு மழை பெய்தாலும் தெருவில் நிற்கும் நீர் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதை இலக்காக வைத்து, சுமார் 300 பணிகளை இருபது ஆண்டுகளில் முடிக்க முனைந்தார்கள். சில தெருக்களின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டு நீரோடும் வாய்க்காலாகிறது. பூங்காக்கள் பள்ளமாக்கப்பட்டு மழை ஓயும் வரை நீரைத் தேக்குகின்றன. வெள்ளத்தைத் தெருவில் வரவிடக் கூடாது என்ற பழைய குறிக்கோளை விட்டுவிட்டு, வரும் வெள்ளம் எந்தத் தெருவில் எந்தத் திசையில் எவ்வளவு ஆழத்தில் ஓடலாம் என்பதைத் தாங்களே தீர்மானித்ததுதான் இதில் மிகப் பெரிய மாற்றம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் நீர்ச்சதுக்கம் இதே வகையைச் சேர்ந்தது. வறண்ட நாளில் விளையாட்டுத் திடல், மழை நாளில் சுமார் 1,700 கனமீட்டர் நீரைத் தாங்கும் தொட்டி. இத்தகைய அமைப்புகளை மனமாரப் பாராட்டுகிறேன். அவற்றின் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 ஜூலை 20 அன்று சீனாவின் ஜெங்ஜோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதாவது ஒரு ஹெக்டேர் நிலத்தில் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் 2,000 கனமீட்டருக்கு மேல் நீர் விழுந்தது. ராட்டர்டாமின் சதுக்கம் முழுவதையும் நிரப்பிவிட்டு மீதி வழிந்தோடும் அளவு அது. மழைநீரை உறிஞ்சும் நகரங்களை உருவாக்கும் சீனத் திட்டத்தில் ஜெங்ஜோவும் பங்கேற்றிருந்தது. ஊடுருவும் நடைபாதைகளும் பசுங்கூரைகளும் அடிக்கடி பெய்யும் மழையை நன்கு சமாளிக்கும். மண் நிறைந்துவிட்ட பிறகு வரும் பெருமழைக்கு அவை ஏறத்தாழக் கான்கிரீட்டைப் போலத்தான் நடந்துகொள்ளும். அன்று அந்நகரின் சுரங்க ரயிலில் சிக்கி 14 பேர் இறந்தனர். எந்த மழையளவில் ரயிலை நிறுத்துவது, சுரங்க வாயிலை யார் மூடுவது, அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவை எழுத்தில் இருந்தால் மட்டுமே அப்படிப்பட்ட நாளில் உயிர்கள் மிஞ்சும். தகவமைப்பில் கான்கிரீட்டுக்குச் சமமான இடம் இந்த இயக்க விதிகளுக்கு உண்டு.

ஒரு கட்டமைப்பு விழும்போது அதைச் சார்ந்த மற்றவையும் தொடர்ந்து விழுவதே பேரழிவாகிறது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டனின் துணைமின் நிலையம் ஒன்று சுமார் 3.8 மீட்டர் நீர்மட்டத்துக்குத் தயாராக இருந்தது. கடல் சுமார் 4.3 மீட்டருக்கு ஏறி வந்தது. அரை மீட்டர் வித்தியாசத்தில் தீவின் தென்பகுதி இருளில் மூழ்கியது. அங்கிருந்த பெரிய மருத்துவமனை ஒன்றில் மின்னாக்கிகளை உயரத்தில் வைத்திருந்தும், அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பகுதி நிலத்தடித் தளத்தில் இருந்ததால் மின்சாரம் நின்றது. பச்சிளங் குழந்தைகள் உட்பட 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை மாடிப்படிகளின் வழியாகச் சுமந்து இறக்க நேர்ந்தது. ஒரு சங்கிலியின் பத்துக் கண்ணிகளில் ஒன்பதை உயர்த்தி ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. பாஸ்டனில் 2013இல் திறக்கப்பட்ட ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனை இதற்கு நேரெதிரான உதாரணம்: தரைத்தளம் ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கும் சுமார் 75 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, முக்கிய மின்கருவிகள் கூரையில் இருக்கின்றன, குளிர்சாதனம் நின்றாலும் நோயாளி அறைகளின் சன்னல்களைத் திறக்க முடியும். புதிதாகக் கட்டும்போது இவற்றுக்கான கூடுதல் செலவு மொத்தத்தில் மிகச் சிறியது. பழைய கட்டடங்களிலும் செய்ய முடியும்: ஹியூஸ்டனின் மருத்துவ வளாகம் 2001இல் அலிசன் புயலில் பெரும் சேதமடைந்த பிறகு, வெள்ளக் கதவுகளைப் பொருத்தி மின்கருவிகளை மேலே மாற்றியது; 2017இல் ஹார்வி புயலின் பெருமழையிலும் பெரும்பாலும் இடைவிடாமல் இயங்கியது.

ரயில், சாலை முதலியவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவற்றில் தீர்வுகள் பெரும்பாலும் தெரிந்தவை, எந்த வெப்பநிலைக்கு என்பதே மாறுகிறது. வெப்பம் 1 பாகை ஏறினால் ஒரு கிலோமீட்டர் எஃகு சுமார் 12 மில்லிமீட்டர் நீள முயலும். இடைவெளியின்றிப் பற்றவைத்த தண்டவாளத்தில் அந்த நீட்சிக்கு இடமில்லாததால் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும். பிரிட்டனில் தண்டவாளம் 27 பாகையில் அழுத்தமின்றி இருக்குமாறு பதிக்கிறார்கள். 2022 ஜூலையில் அங்கே காற்றே 40.3 பாகைக்கு ஏறியது, வெயிலில் கிடக்கும் எஃகு அதற்கும் மேலே பல பாகை ஏறும். அழுத்தமற்ற வெப்பநிலையை உயர்த்திப் பதிக்கலாம். ஆனால் குளிர்காலத்தில் எஃகு சுருங்கி வெடிக்கும் அபாயம் அதே அளவு கூடும். தார்ச்சாலையிலும் இதே இருபக்க நெருக்கடி உண்டு: கோடைக்கு ஏற்றபடி கெட்டியான தாரைத் தேர்ந்தால் கடுங்குளிரில் பிளக்கும். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைநிலத்தின் மீது கட்டியவற்றுக்கு நிலமே உருகுகிறது என்பது வேறு வகைச் சிக்கல். 1977இல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயின் பாதிக்கு மேற்பட்ட நீளம் தூண்களின் மீது உயர்த்தப்பட்டிருக்கிறது, உருகும் அபாயமுள்ள இடங்களில் மண்ணின் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் அந்தத் தூண்களுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. காட்டுத்தீயில் வீடுகள் பற்றுவது பெரும்பாலும் தீச்சுவாலையால் அல்லாமல் காற்றில் பறந்து வரும் தணல்களால் என்பதால், காற்றுத்துளைகளுக்கு நுண்வலை, எரியாத கூரை, சுவரையொட்டி ஒன்றரை மீட்டருக்குச் செடியோ விறகோ இல்லாத வெற்றிடம் ஆகிய எளிய மாற்றங்களே அதிகம் காப்பாற்றுகின்றன.

இனி நீங்கள் கேட்ட அளவுக் கேள்விக்கு நேராக வருகிறேன். கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2100இல் எவ்வளவு இருக்கும் என்பது நம் பசுங்குடில் வாயு உமிழ்வையும் பனிப்படலங்களின் போக்கையும் பொறுத்து அரை மீட்டருக்கும் குறைவிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வரை விரிகிறது. மிகக் குறைந்த அளவுக்குக் கட்டினால் கட்டமைப்பு தன் ஆயுளின் நடுவிலேயே பயனற்றுப் போகலாம். மிக உயர்ந்த அளவுக்கு எல்லாவற்றையும் கட்டினால் பணம் தீர்ந்து பாதி நகரம் பாதுகாப்பின்றி நிற்கும். இலண்டன் நகருக்காக 2012இல் வகுத்த தேம்ஸ் முகத்துவாரத் திட்டம் இதற்கு நல்ல வழி காட்டியது. ஒரே தீர்வைத் தேர்ந்துகொள்ளாமல், பல தீர்வுகளை வரிசையாக வைத்து, எந்த அளவு உயர்வில் எந்தத் தீர்வு போதாமல் போகும், அதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டார்கள். 1982 முதல் இயங்கும் தேம்ஸ் தடுப்பணைக்கு அடுத்து என்ன என்பதை 2040 வாக்கில் முடிவு செய்து, 2070க்குள் புதிய ஏற்பாட்டை முடிப்பது என்பது அந்தக் கணக்கிலிருந்து வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடல்மட்டத்தையும் கரைகளின் நிலையையும் தொடர்ந்து அளக்கிறார்கள். 2023இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது, தடுப்பணைக்கு மேற்புறமுள்ள கரைகளை உயர்த்தும் பணியை முன்பு குறித்ததைவிடப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாக, 2050க்குள் முடிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். பழைய திட்டம் தவறிப்போனதாக யாரும் இதைக் கருதவில்லை. இப்படி மாற்றிக்கொள்வதற்காகவே அது எழுதப்பட்டது.

இந்த முறையை எந்தச் சிறிய பணிக்கும் பொருத்தலாம். வெள்ளச்சுவரை இன்று ஒரு மீட்டர் கட்டினால் போதும். ஆனால் அதன் அடித்தளம் இரண்டு மீட்டர்ச் சுவரைத் தாங்கும்படி இருக்க வேண்டும், அகலப்படுத்தத் தேவைப்படும் நிலம் இன்றே ஒதுக்கப்பட வேண்டும். குழாயைப் பின்னர் மாற்றலாம்; அதற்கான வழித்தடத்தின் மீது கட்டடம் எழுந்துவிட்டால் மாற்ற முடியாது. பாலத்தின் உயரத்தைப் பின்னர் கூட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், கனடாவில் 1997இல் திறக்கப்பட்ட கான்ஃபெடரேஷன் பாலத்தில் கடல்மட்ட உயர்வுக்காகத் தொடக்கத்திலேயே ஒரு மீட்டர் கூடுதல் இடம் விட்டார்கள். மாறாக, வெனிஸ் நகரைக் காக்கும் மோசே தடுப்பு 2020 அக்டோபரில் முதன்முதலாக எழுந்து கடலைத் தடுத்தது; ஒவ்வொரு முறை மூடும்போதும் கப்பல் போக்குவரத்தும் காயலுக்கும் கடலுக்கும் இடையிலான நீர்ப் பரிமாற்றமும் நிற்கின்றன. கடல் உயர உயர மூடும் நாட்கள் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதைத் திறந்து வைப்பதே அரிதாகிவிடும். தடுப்பின் கதவுகள் வலுவாகவே இருந்தாலும், அதன் பயன்பாட்டு முறைக்கு உச்சவரம்பு இருக்கிறது. எதையும் கட்டும் முன் அந்த உச்சவரம்பு எங்கே என்று கேட்பது, சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்பதைவிட முக்கியம்.

சில இடங்களில் உயர்த்துவதைவிட விலகி இடம் கொடுப்பதே சிறந்தது. நெதர்லாந்தின் ஆற்றுக்கு இடம் கொடுக்கும் திட்டத்தில், நைமேகன் நகருக்கு எதிரே கரையை 350 மீட்டர் உள்தள்ளிப் பக்கவாட்டில் புதிய நீர்வழி ஒன்றை வெட்டினார்கள். வெள்ளக் காலத்தில் ஆற்றின் மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறைகிறது. இதற்காகச் சுமார் ஐம்பது வீடுகள் அகற்றப்பட்டன. அந்தக் குடும்பங்களின் இழப்பைச் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் அவர்களோடு பேசி, இழப்பீடு கொடுத்து, நாள் குறித்துச் செய்ய முடிந்தது. வெள்ளம் அகற்றும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. இன்னொரு பக்கம், நிலமே அமிழும் நகரங்களில் சுவரை உயர்த்துவதற்கு முன் நிலத்தடி நீரை உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்த வேண்டும். ஜகார்த்தாவின் வடபகுதிகளில் நிலம் அமிழும் வேகம் கடல் உயரும் வேகத்தைவிடப் பன்மடங்கு அதிகம். டோக்கியோவின் தாழ்ந்த பகுதிகளும் இருபதாம் நூற்றாண்டில் அப்படித்தான் அமிழ்ந்தன. நிலத்தடி நீர் எடுப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகு அமிழ்வது பெருமளவு நின்றது. ஆழ்குழாய்க் கிணறுகளுக்கான விதி ஒன்று, கடற்சுவர் பல செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது.

ஏற்கெனவே நிற்பவற்றைப் பற்றி நீங்கள் கேட்டது ஏன் பெரிய கேள்வி என்றால், நூற்றாண்டின் நடுவில் மனிதர்கள் பயன்படுத்தப்போகும் கட்டடங்களில் மிகப் பெரும்பகுதி, பல நாடுகளில், இன்றே இருக்கிறது. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டுவது பணத்தால் மட்டுமல்ல, உமிழ்வாலும் இயலாது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது. ஆகவே பழையவற்றைத் திருத்துவதுதான் வழி, அதற்கு உகந்த தருணம் எப்படியும் கைவைக்கும் தருணம். கூரையின் நீர்க்காப்புப் பூச்சு ஆயுள் முடிந்து புதுப்பிக்கப்படும்போது வெப்பத் தடுப்பையும் வெண்பூச்சையும் சேர்த்துவிடலாம். மின்பலகையை மாற்றும்போது அதை வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றலாம். சாலையைத் தோண்டிக் குழாய் பதிக்கும்போது சிறுபாலத்தின் திறப்பை அகலப்படுத்தலாம். தனியாகச் செய்தால் பெருஞ்செலவாகும் இவை, பராமரிப்போடு சேர்ந்தால் சிறு சேர்க்கையாகின்றன. உலக வங்கி 2019இல் வெளியிட்ட ஆய்வு, வளரும் நாடுகளின் புதிய உட்கட்டமைப்பை இடர்களைத் தாங்கும்படி கட்ட ஆகும் கூடுதல் செலவு மொத்த முதலீட்டில் சுமார் 3 சதவீதம் என்றும், சராசரியாக அதில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் நான்கு டாலர் பயன் திரும்பும் என்றும் மதிப்பிட்டது.

பராமரிப்பே இல்லாத இடத்தில் தகவமைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே பெருமழையைக் கொட்டியபோது, 1970களில் கட்டப்பட்ட இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அணைகளின் சீர்கேடு முன்பே அறியப்பட்டிருந்தது. போரிலும் அரசியல் சிதைவிலும் பழுதுபார்க்கும் பணி நின்றுபோயிருந்தது. மழை அசாதாரணமானதுதான், ஆனால் மழை மட்டுமே அந்த நகரத்தை அழித்திருக்காது. அடைபட்ட வடிகால், துரு ஏறிய மதகு, விரிசல் விட்ட கரை ஆகியவற்றைக் கணக்கெடுத்துச் சரிசெய்வது எந்தத் தகவமைப்புத் திட்டத்திலும் முதல் இனமாக இருக்க வேண்டும். திறப்பு விழா நடத்த இடம் தராத வேலை என்பதால் அதற்கு நிதி ஒதுக்குவோர் குறைவு என்பது எனக்கு ஆற்றாமையைத் தரும் விஷயம்.

பாதுகாப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் 1957இல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு டூரியா ஆற்றை நகருக்குத் தெற்கே புதிய வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். 2024 அக்டோபர் 29 அன்று பெய்த பேய்மழையில் நகரின் மையம் தப்பியது. அந்த ஏற்பாட்டின் காப்புக்கு வெளியே, போயோ ஓடையின் கரைகளில் நெருக்கமாக வளர்ந்திருந்த தென்புறநகர்கள் மூழ்கின. அந்தப் பெருமழை வெள்ளத்தில் அம்மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மையத்தைக் காத்தது தவறில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடையின் கரைகளில் வீடுகள் பெருக விட்டதே தவறு. வெள்ளப் பாதையில் புதிதாகக் கட்ட அனுமதி மறுப்பது, நான் மேலே சொன்ன அனைத்திலும் மலிவான நடவடிக்கை, அரசியல்ரீதியாக மிகக் கடினமானதும்கூட.

சில ஊர்களை எந்தச் சுவராலும் நியாயமான செலவில் காக்க முடியாது. ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமம் 2014இல், ஊர் மக்களின் ஒப்புதலோடும் அரசின் உதவியோடும், கடற்கரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே உயரமான நிலத்துக்கு முழுமையாக இடம்பெயர்ந்தது. அது சிறிய கிராமம். மாற்றிடமாகத் தங்களுக்கே உரிய நிலம் அவர்களுக்கு இருந்தது. பெரிய ஊர்களுக்கு அப்படி அமைவது அரிது, அதனால்தான் இந்த முடிவை வெகு முன்னதாக எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகளில் கைவிட வேண்டியிருக்கும் என்று கணக்கு காட்டும் ஒரு கரையோரப் பகுதியில் இன்று புதிய பள்ளியும் அகலமான சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டால், அவற்றை நம்பி மக்கள் வீடு கட்டுவார்கள், கடன் வாங்குவார்கள், அடுத்த தலைமுறையை அங்கேயே வளர்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவற்றைப் பழுதுபார்த்து ஓட்டலாம், எச்சரிக்கை ஏற்பாட்டையும் புகலிடத்தையும் வலுப்படுத்தலாம். புதிய நிரந்தர முதலீடுகளை மேட்டு நிலத்துக்குத் திருப்பி, அங்கே முதலில் சாலையும் தண்ணீரும் பள்ளியும் வந்துவிட்ட பிறகு மக்களை அழைப்பதே சரியான வரிசை.